அப்பாவின் திதியும் கரீபியன் காக்காவும்

வெளிநாட்டுக்காரர்களோடு பழகியவனுக்கு வெளிநாடு தெரியும் என்று நினைப்பது ஒரு வியாதி. எனக்கு அந்த வியாதி முற்றிப் போயிருந்தது. ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டை ஒட்டின சந்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறேன். மாடியில் சில அறைகள், கீழே நாங்கள். பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா என்று எங்கெங்கிருந்தோ வந்து தங்குவார்கள். அவர்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, குரங்கு வந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கொடுத்து, ஆட்டோக்காரரிடம் பேசிவிட்டு, உலகமே என் மாடிப்படியில் ஏறி இறங்கிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. யாராவது சுவிட்சர்லாந்து என்றால் உடனே தலையாட்டுவேன். (அங்கிருந்து ஒரு அம்மாள் வந்து தங்கிப் பச்சைக் காய்கறியாகவே சாப்பிட்டாள். எனக்குத் தெரிந்த சுவிட்சர்லாந்து அவ்வளவுதான்.)

அந்த வியாதியோடு இன்னொன்றும் இருந்தது, சிரிப்பு. கிரிவலப் பாதையில் வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் வெள்ளைக்காரர்களைப் பார்த்தால் எனக்கு அடக்க முடியாது. வீட்டுக்கு வந்து என் மனைவி சுமதியிடம் நடித்துக் காட்டுவேன். "பாவங்க, அவங்களுக்கு இன்னா கஷ்டமோ" என்பாள் அவள். எனக்குப் பாவமாகத் தோன்றியதேயில்லை. அதற்கெல்லாம் சேர்த்து ஒரே பகலில் நான் கட்டிய வட்டிதான் இந்தக் கட்டுரை.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தேரடித் தெருவில் இரும்புக்கடை வைத்திருந்தார். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், அம்மாவை ஒரு சொல் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு குறை. சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார். "தோ வரேன்" என்பார். அந்த 'தோ' மத்தியானத்தில் தொடங்கினால் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் நீளும். கடையில் இருந்தால் யாராவது ஆணி வாங்க வந்துவிடுவார்கள். வீட்டில் இருந்தால் பேப்பரை வரி விடாமல் படிப்பார், கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வரைக்கும். அம்மா குழம்பைச் சூடு பண்ணி வைப்பாள். அது ஆறும். மறுபடி சூடு பண்ணுவாள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் தன் தட்டை எடுப்பாள். அப்படிச் செய்யச் சொல்லி அப்பா ஒருநாளும் சொன்னதில்லை, செய்ய வேண்டாம் என்றும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் குழம்பு என்றாலே சுண்டின குழம்புதான். நல்ல குழம்பு தண்ணியாக இருக்கும் என்பதே சுமதி வந்துதான் எனக்குத் தெரியும். அம்மாவுக்குச் சர்க்கரை வந்து, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் திட்டின பிறகும் இது மாறவில்லை.

அப்பா ஒருநாள் கடையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அன்றைக்கும் அம்மா சாப்பிடாமல்தான் இருந்தாள்.

முதல் வருஷத் திதிக்கு வீட்டில் படையல் போட்டோம். மொட்டை மாடிச் சுவரில் அம்மா சோற்றை வைத்தாள். எங்கள் ஊர்க் காக்காக்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. கையை எடுப்பதற்குள் ஒன்று வந்து உட்கார்ந்து ஒரு வாய் கொத்தியது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அம்மா மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "செத்தப்புறம்தான் கூப்ட ஒடனே வராரு" என்றாள்.

என் தங்கை கவிதா அமெரிக்காவில் இருக்கிறாள். அம்மா வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாள் என்று அவளுக்குக் கவலை. எங்கள் மூன்று பேரையும் தன் வீட்டுக்கு வரவழைத்தாள். அங்கிருந்து எல்லோருமாக ஒரு கரீபியன் தீவுக்குப் போய்க் கடலோர ரிசார்ட்டில் ஒரு வாரம் தங்குவது என்று அவளும் அவள் வீட்டுக்காரரும் முடிவு செய்துவிட்டார்கள். அம்மாவின் பயணமெல்லாம் அதுவரைக்கும் திருப்பதியும் வேலூர் ஆஸ்பத்திரியும்தான். கரீபியன் என்றதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த வாரத்தில் அப்பாவின் இரண்டாம் வருஷத் திதி வருகிறதே, என்ன செய்வது?

இங்கேதான் உலகம் தெரிந்தவன் வாயைத் திறந்தான்.

"கடலோரம்மா. ராமேஸ்வரத்துக்குச் சமம்" என்றேன்.

"காக்கா வருமாடா?"

"காக்காவுக்கு இன்னாம்மா? எல்லா எடத்துலயும்தான் கெடக்குது."

அம்மா என்னை நம்பினாள். நான் எதைச் சொன்னாலும் நம்புவாள், அது அவள் சுபாவம். சுமதி நம்பவில்லை. "எதுக்கும் ஒரு தடவை விசாரிச்சிடுங்க" என்றாள். காக்காவைப் பற்றி யாரிடம் விசாரிப்பது என்று அவளை ஏளனம் செய்தேன்.

அந்தத் தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். ரிசார்ட்காரர்கள் என் படத்தை வாசலில் ஒட்டி வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. சின்னத் தீவு. ஒரு பக்கம் மலை, மற்றதெல்லாம் கடல். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். போய் இறங்கியதும் ஆளுக்கு ஒரு பட்டையைக் கையில் கட்டிவிட்டார்கள். அந்தப் பட்டை இருந்தால் எந்த நேரமும் எது வேண்டுமானாலும் சாப்பிடலாம், குடிக்கலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நான் கெஸ்ட் ஹவுஸ்காரன். இன்னொருவன் எனக்குத் துண்டு மடித்து வைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. முதல் நாளே படுக்கை விரிப்பை நானே மாற்றப் போய், அறை சுத்தம் செய்ய வந்த பெண்ணிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது போகட்டும்.

அம்மாவுக்கு அந்தச் சாப்பாட்டுக் கூடம்தான் பெரிய அதிசயமாக இருந்தது. கடலோ விமானமோ அவளை அந்த அளவுக்கு அசைக்கவில்லை. அவரவர் வருகிறார்கள், தட்டை எடுக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், போகிறார்கள். புருஷன் ஒரு மேஜையில், பெண்டாட்டி இன்னொரு நேரத்தில். "யாரும் யாருக்கும் காத்துக்கினு இல்ல பாரு" என்று சுமதியிடம் மெதுவாகச் சொன்னாள். ஆனாலும் நாங்கள் எல்லோரும் உட்காரும் வரைக்கும் தன் தட்டைத் தொடமாட்டாள்.

மறுநாள் சாயங்காலம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றாள். ஒரு அலை வந்து முழங்கால் வரைக்கும் நனைத்துவிட்டது. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா போனபிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. உடனே சட்டென்று நிறுத்திக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுபோல் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு இரவு படுக்கப் போகும்போது கவிதாவிடம் கேட்டாளாம், "நான் இப்டி வந்து சுத்திக்கினு இருக்கறது உங்கப்பாவுக்குப் புடிக்குமாடி?" திதியன்றைக்குக் காக்கா வந்தால் அப்பாவுக்குச் சம்மதம் என்று அர்த்தம், வராவிட்டால் கோபம். இதை அவளே மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். கவிதா வந்து என்னிடம் சொன்னபோது நான் துளிகூடக் கவலைப்படவில்லை. காக்காதானே.

திதியன்று காலையில் குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு இட்டுக்கொண்டேன். கவிதா துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்த சின்ன மின்சாரக் குக்கரில் அம்மா சோறு வைத்தாள். பருப்பை அதற்கு முன்னாலேயே அதில் வேகவைத்து எடுத்திருந்தாள். அப்பளத்தைச் சாப்பாட்டுக் கூடத்து ஆளிடம் கெஞ்சிப் பொரித்து வாங்கி வந்தாள் சுமதி. ரிசார்ட் தோட்டத்தில் அழகுக்கு வைத்திருந்த வாழையில் ஒரு இலையை நான் பழக்கத்தியால் அறுத்துக்கொண்டு வந்தேன். தோட்டக்காரர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாவின் சின்னப் படத்துக்கு முன்னால் படைத்துக் கற்பூரம் காட்டினோம். (காட்டினது குளியலறையில். அறையில் காட்டினால் புகை பட்டுக் கூரைக் குழாயிலிருந்து மழை பெய்யும் என்று மாப்பிள்ளை எச்சரித்திருந்தார்.) பிறகு பால்கனிக் கைப்பிடிச் சுவரில் சோற்றை வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

முதலில் மஞ்சள் வயிற்றுக்காரக் குருவி ஒன்று வந்து, சோற்றைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, கவிதாவின் காப்பிச் சர்க்கரையைத் தின்றுவிட்டுப் போனது. அப்புறம் கன்னங்கரேலென்று ஒன்று வந்து உட்கார்ந்தது. எனக்கு உயிர் வந்தது. கருப்பு, பளபளப்பு, நல்ல அலகு. அளவுதான் கம்மி, மைனா அளவுக்கு இருந்தது.

"வந்துட்டாரு பாரும்மா" என்றேன்.

அம்மா உற்றுப் பார்த்தாள். "கண்ணு மஞ்சளா இருக்குதே."

"இந்த ஊரு காக்கா அப்டித்தாம்மா இருக்கும்."

"உங்கப்பாவுக்குக் காமாலை வந்ததே இல்லடா" என்றாள்.

அந்தப் பறவையும் சோற்றைத் தொடவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பறந்துபோனது. அம்மாவுக்கு மாத்திரை போட்டு நேரமாகிவிட்டது. காலையில் எழுந்ததும் பழக்கத்தில் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டாள், மேலே ஒரு வாய் சாப்பிடவில்லை. அது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். கவிதாவின் முகம் மாறிவிட்டது. ஜூஸ் கொண்டுவந்து நீட்டினாள். அம்மா வாங்கவில்லை.

கீழே ரிசப்ஷனுக்கு ஓடினேன். போனில் காக்கா படத்தைக் காட்டி, இது எந்தப் பக்கம் கிடைக்கும் என்று கேட்டேன். அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு ரொம்ப மரியாதையாக, இந்தத் தீவில் இந்தப் பறவை கிடையாது ஐயா, என்று சொன்னாள். ஒன்றுகூடவா என்றேன். ஒன்றுகூட இல்லை, அதற்குப் பதிலாகக் கடலாமை பார்க்கப் படகு ஏற்பாடு செய்யட்டுமா என்றாள்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நானல்லவா ராமேஸ்வரத்துக்குச் சமம் என்று கூட்டிக்கொண்டு வந்தவன். சொல்லவில்லை. மேலே போனால் அம்மா வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அங்கே ரொம்ப உயரத்தில் ஒரு பெரிய கருப்புப் பறவை, நீளமான இறக்கையோடு, அடிக்காமல் ஆடாமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கடல் பறவைதான். கீழே இறங்குகிற மாதிரி வரும், மறுபடியும் மேலே போய்விடும்.

"அவருதான்" என்றாள் அம்மா. "தோன்னு சொல்லிட்டு மேலயே சுத்திக்கினு இருக்காரு. எறங்க மாட்டேங்கறாரு. கோவம்."

"கோவம்லாம் இல்லம்மா, நீ சாப்புடு" என்றாள் கவிதா.

"அவரு சாப்புடாம நான் எப்டி சாப்புடறது?"

அவள் விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. அம்மா மயங்கி விழுந்தால் அந்தத் தீவில் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்றுகூட எங்களில் யாருக்கும் தெரியாது. இலையில் ஒரு துண்டைக் கிழித்து, அதில் கொஞ்சம் சோற்றை எடுத்துக்கொண்டு, தோ வந்துடறேன் என்று கடற்கரைக்கு ஓடினேன். காக்கா இல்லை என்று எழுதி ஒட்டாத குறையாகச் சொல்லிவிட்ட ஊரில் காக்காவைக் கூப்பிடப் போனேன். அந்த நேரத்தில் என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது. பக்கத்துத் தீவிலிருந்து வழி தவறி ஒன்று வந்திருக்கக் கூடாதா?

மணலில் நின்று, சோற்றைக் கையில் ஏந்தி, வானத்தைப் பார்த்து, "கா... கா... கா..." என்று கூப்பிட்டேன்.

சாய்வு நாற்காலிகளில் எண்ணெய் பூசிக்கொண்டு படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கறுப்புக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். வேட்டி, திருநீறு, கையில் வாழையிலை. நான் நிறுத்தவில்லை. ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். தன் ஊர் டென்மார்க் என்றாள். இது உங்கள் பாரம்பரியப் பயிற்சியா என்று தணிந்த குரலில் கேட்டாள். ஆமாம் என்று சொன்னால் போய்விடுவாள் என்று நினைத்து ஆமாம் என்றேன். அவள் போகவில்லை. கண்ணை மூடி, கைகளை என்னைப் போலவே ஏந்திக்கொண்டு, "கா..." என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கிரிவலப் பாதையில் வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு நின்ற அத்தனை பேரும் வரிசையாக என் கண்ணுக்கு முன்னால் வந்து போனார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த ரிசார்ட்டில் வின்ஸ்டன் என்று ஒருவர் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், கையில் எப்போதும் மைக். விருந்தாளி யாரையும் சும்மா உட்கார விடக்கூடாது என்பதுதான் அவருடைய உத்தியோகம். நாங்கள் இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு கத்துவதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்தார். அன்றைய காலை நிகழ்ச்சியாக இந்தியாவிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார் என்று மைக்கில் அறிவித்துவிட்டார். நீச்சல் உடையில் ஒரு கூட்டமே வந்து என்னைச் சுற்றி வளைத்து நின்றது. வயிற்றிலிருந்து சத்தம் வர வேண்டும், வயிற்றிலிருந்து, என்று வின்ஸ்டன் தாளம் போட்டார். கரீபியன் கடற்கரை முழுக்க என் அப்பாவைக் கூப்பிட்டது. ஜெர்மானியர்கள் கூப்பிட்டார்கள். தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி கைகோத்துக்கொண்டு கூப்பிட்டது. மாப்பிள்ளை ஒரு தென்னைமரத்துக்குப் பின்னால் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். (மரத்துக்குப் பின்னால் நின்றது வெட்கத்தால் இல்லை, வெயிலுக்காக என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.)

காக்கா வரவில்லை. கடற்புறாக்கள் வந்தன. வெள்ளை உடம்பு, கருப்புத் தலை, கத்தினால் யாரோ கெக்கலி கொட்டிச் சிரிக்கிற மாதிரியே இருக்கும். என் கையிலிருந்த சோற்றை ஒரே மோதலில் காலி செய்தன. பிறகு கூட்டம் எதற்குக் கூடியிருக்கிறது என்று விசாரித்தனபோல. மணலில் மத்தியானச் சாப்பாட்டுக்காகச் சுட்டு வைத்திருந்த மீன் போனது. ரொட்டி போனது. குழந்தைகளின் ஐஸ்கிரீம் போனது. டென்மார்க் அம்மாளின் வைக்கோல் தொப்பியை ஒன்று தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்டது. ஜனங்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மேனேஜர் வந்தார். பறவைகளுக்குத் தயவுசெய்து உணவு கொடுக்க வேண்டாம் என்று சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்துவிட்டு நிற்கும் வெள்ளைக்காரர்களிடம் நான் சிரிக்கிற சிரிப்பு அதேதான்.

காலி இலையோடு மேலே ஓடினேன். "சாப்ட்டாச்சும்மா. நானே பார்த்தேன். இலைய காலி பண்ணிடுச்சு" என்றேன்.

அம்மா பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். "அதுங்க எல்லார் தட்டுலயும் வாய வச்சுதுங்க. உங்கப்பா அடுத்தவங்க தட்டுல கைய வப்பாரா?" என்றாள்.

அம்மாவின் உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை. நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். கவிதா என்மேல் பாய்ந்தாள். எல்லாம் உன்னாலதான், ஒரு வார்த்தை விசாரிச்சிருந்தா இன்னா, எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுவியே, என்று அழுதுகொண்டே கத்தினாள். சின்ன வயசிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினாள். சுமதி குறுக்கே வரவில்லை. அவள் பார்வையே போதுமாக இருந்தது. அம்மா மட்டும் வானத்தைப் பார்த்தபடி, "அவன இன்னாத்துக்குத் திட்ற. அவருக்குத்தான் மனசு வரல" என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, இந்த ஊர்ல காக்காவே கெடையாதாம். காலையிலயே கேட்டுட்டேன். உன்கிட்ட சொல்லல."

"கெடையாதா?"

"கெடையாது."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லம்மா. எப்பவுமே இருந்ததில்லயாம்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, இன்னமும் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் கருப்புப் பறவையைப் பார்த்தாள்.

"அப்ப அது வேற யாரோ" என்றாள்.

கீழே வின்ஸ்டன் மைக்கில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் அதுவரைக்கும் இருந்த பயம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியதை நான் பார்த்தேன்.

"நான் அவருக்குக் கோவம்னு நெனச்சிக்கினு இருக்கேன்" என்றாள். "கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவருக்குப் பாஸ்போர்ட் இல்லடா. எப்டி வருவாரு?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"அவரு வர முடியாத எடத்துக்கு நான் வந்துட்டேன்" என்றாள், இன்னும் மெதுவாக. "இங்க உக்காந்துக்கினு யாருக்குக் காத்துக்கினு இருக்கேன்?"

படையல் இலையைத் தன் பக்கம் இழுத்தாள். குக்கரைத் திறந்து தானே சோறு போட்டுக்கொண்டாள். சோறு இன்னும் ஆவி பறந்தது. (அந்தக் குக்கர் தானாகவே சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்தது அம்மாதான்.) பருப்பை ஊற்றிப் பிசைந்து, எங்கள் யாரையும் பார்க்காமல், முதல் வாய் எடுத்து வைத்தாள். அதற்குள் மேலே வந்துவிட்ட மாப்பிள்ளையோடு சேர்த்து நாங்கள் நான்கு பேரும் சுற்றி நின்று, அம்மா சாப்பிடுவதைக் காணாததைக் கண்டதுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம். உண்மையிலேயே காணாததுதான். வீட்டில் எல்லோருக்கும் முன்னால், சோறு சூடாக இருக்கும்போதே, அவள் சாப்பிட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கவிதா விசும்பி விசும்பி அழுதாள். அம்மா நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "இன்னொரு அப்பளம் இருக்குதா?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் அந்தத் தீவில் இருந்த நாட்களில் அம்மாவை நாங்கள் பிடிக்க முடியவில்லை. காலையில் கண் விழித்தால் அறையில் இருக்க மாட்டாள். சாப்பாட்டுக் கூடத்துக்கு நாங்கள் போய்ச் சேரும்போது தட்டைக் காலி செய்துவிட்டு, அடுத்து என்ன எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். வின்ஸ்டன் அவளை எங்கே பார்த்தாலும் கைகளை ஏந்தி "கா" என்பார். அம்மாவும் ரொம்ப மரியாதையாக "கா" என்று பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை அது ஒன்றுதான். நான் மட்டும் கடற்கரைப் பக்கமே தலைகாட்டவில்லை. டென்மார்க் அம்மாள் அடுத்த வகுப்பு எப்போது என்று என்னைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை எடுத்த வீடியோ எங்கள் சொந்தத்தில் பார்க்காதவர்கள் இல்லை. கல்யாணப் பந்தியில் எனக்கு இலை போட்டால், எதிர்வரிசையிலிருந்து யாராவது ஒருவர் மெதுவாகக் "கா" என்பார். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டு யாராவது தாமதமாக வந்தால், "இன்னா, பாஸ்போர்ட் இப்பதான் வந்துச்சா?" என்று கேட்பது சுமதிக்கு வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் என்னைத்தான் கேட்கிறாள். 'தோ வரேன்' என்கிற வார்த்தையை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் அடுப்பில் எதுவும் மறுபடி சூடாவதில்லை.

மறுவருஷத் திதி திருவண்ணாமலையிலேயே நடந்தது. சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். படைத்துக் கற்பூரம் காட்டியதும் அம்மா வழக்கம்போல மொட்டை மாடிக்குப் போய்ச் சோற்றை வைத்தாள். நாங்கள் எல்லோரும் கைகூப்பிக்கொண்டு நின்றோம். அன்றைக்கு என்னவோ காக்கா உடனே வரவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவரின் நிழலில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த தன் இலையை விரித்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். அத்தை ஒருத்திக்கு முகம் சிவந்துவிட்டது. இன்னா அண்ணி இது, அண்ணன் இன்னும் வரலியே, என்றாள். அம்மா அடுத்த வாயைப் பிசைந்தாள். பாயசம் வரைக்கும் வந்துவிட்டாள். அப்போதுதான் கோபுரத்துப் பக்கமிருந்து ஒரு காக்கா பறந்து வந்து சோற்றுப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அம்மாவைப் பார்த்தது.

"வந்துட்டீங்களா?" என்றாள் அம்மா, கையிலிருந்த பாயசத்தைக் கீழே வைக்காமல். "நான் சாப்ட்டுட்டேன். நீங்க உக்காந்து நெதானமா சாப்புடுங்க."